தெய்வானைக்குத் தைத்த காக்கி டவுசர்

ஏரியில் மண்ணைக் கொட்டி, கல் நட்டு, மனை பிரித்து, செல்லியம்மன் நகர் என்று பெயர்ப்பலகை வைத்த காலத்திலிருந்து, ஐப்பசி பிறந்தால் ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடும். வந்தால் அவசரமே படாது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்து, சில நாள் தங்கிவிட்டு, போகும்போது கொஞ்சம் சேற்றை வைத்துவிட்டுப் போகும். நகரில் இருந்தவர்கள் இதற்குப் பழகியிருந்தார்கள். அரிசி பரணுக்குப் போகும், சிலிண்டர் மாடிப்படிக்குப் போகும், வண்டிகள் மேம்பாலத்துக்குப் போகும், மனிதர்கள் மொட்டை மாடிக்குப் போவார்கள். அந்த வருஷம் மட்டும் மழை பிடித்த பிடியை விடவில்லை. தங்க வந்த ஏரி குடியேறிவிடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோதுதான், மூன்றாவது தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் தெய்வானை, தண்ணீரில் மிதந்து போன மாவுக் குண்டானைப் பிடிக்கத் தெருவில் இறங்கினாள்.

தண்ணீர் இடுப்பு வரைக்கும் இருந்தது. புடவை காலைச் சுற்றிக்கொண்டு நடக்க விடாததால் அதை முழங்காலுக்கு மேல் வாரிச் சுருட்டி இடுப்பில் செருகினாள். செருகியதும் தண்ணீர் இறங்கியது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், சத்தமில்லாமல், சொன்ன பேச்சைக் கேட்கிற மாதிரி இறங்கி, அவள் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. முங்கியிருந்த கேட்டுகள் வெளியே வந்தன, யாரோ தொலைத்துவிட்டதாகச் சொன்ன சைக்கிள் ஒன்று வெளியே வந்தது. எங்கேயோ அடைப்பு எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தெய்வானை குண்டானைத் தூக்கினாள். செருகல் அவிழ்ந்து புடவை விழுந்தது. தண்ணீர் திரும்பவும் அவள் இடுப்புக்கு வந்தது.

எதிர்வீட்டு மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த தணிகாசலம், நகர் சங்கத்தின் செயலாளர், எதையும் கவனமாகப் பார்க்கிறவர், நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"தெய்வானைம்மா, அந்தப் புடவையை இன்னொரு தரம் தூக்குங்க."

இந்தப் பேச்சு, தெய்வானை வீட்டு மாடியில் துணி பிழிந்துகொண்டிருந்த இந்திராணியின் காதில் விழுந்தது. இந்திராணி தெய்வானையின் புருஷன் ஏகாம்பரத்துக்கு அக்கா, தெய்வானைக்கு அண்ணி. கட்டியவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். மாவு வாங்க வருகிற ஆண்கள் முன்னால் தம்பி மனைவியின் முந்தானை ஒரு விரல் நகர்ந்தாலும் உள்ளேயிருந்து இருமுகிறவள். அவள் பிழிந்த துணியைக் கையில் முறுக்கிப் பிடித்தபடி கைப்பிடிச் சுவருக்கு வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"தண்ணியைச் சொன்னேம்மா," என்றார் தணிகாசலம். "தண்ணியைப் பாருங்க."

தெய்வானை குனிந்து தூக்கினாள். தண்ணீர் இறங்கியது. விட்டாள், ஏறியது. மூவரும் பார்த்தார்கள். அதற்குள் மாடிக்கு மாடி ஆள் சேர்ந்து தெருவே பார்த்தது. முழங்கால் அளவு தண்ணீர், முழங்கால் அளவு தண்ணீர் என்று காலம் காலமாகச் சொல்கிறோமே, அது யாருடைய முழங்கால் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. எல்லார் வீட்டு அடுப்பும் நனைந்திருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் தெய்வானைக்கு வேலை வந்துவிட்டது. முதல் தெருவில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அவள் வந்து நின்றாள். இரண்டாம் தெருவில் பால் வண்டி உள்ளே வர வேண்டும், நின்றாள். ஐந்தாம் தெருக்காரர்கள் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து, தங்கள் தெருவுக்கு எப்போது வர முடியும் என்று மரியாதையாகக் கேட்டார்கள். இறங்கிய தண்ணீர் பக்கத்துத் தெருவில் ஏறுகிறதா என்று தணிகாசலம் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தார். ஏறவில்லை. முழங்கால் மூடியிருந்தால் தண்ணீருக்கு அது இருக்குமிடம் தெரியாமல் போகிறது, திறந்திருந்தால் தெரிகிறது, ஒரு தெரு தூரம் வரைக்கும் கீழ்ப்படிகிறது என்பதெல்லாம் ஒரே நாளில் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடமாகிவிட்டது. மாவு விற்றபோது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது ஒரு 'அம்மா' சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

ஆனால் இரண்டு கையாலும் புடவையைப் பிடித்துக்கொண்டே ஒரு பெண் எவ்வளவு நேரம் நிற்பாள். செருகினால் ஈரத்தில் நழுவியது. நழுவினால் தண்ணீர் குபீரென்று ஏறி, அரிசி மூட்டையோடு பாதித் தெருவில் நிற்கிறவனை நனைத்தது. ஏகாம்பரத்தின் லுங்கியை மடித்துக் கட்டிப் பார்த்தாள், அதுவும் நழுவியது. சுடிதார் பேண்டைச் சுருட்டிவிட்டுப் பார்த்தாள், நாலு எட்டு வைப்பதற்குள் சுருள் அவிழ்ந்து இறங்கியது. இதற்கிடையே மாடிகளில் செல்போனை நீட்டிக்கொண்டு சிலர் நின்றார்கள். இந்திராணி ஒரு பெரிய குடையை விரித்து, அதைத் தெய்வானையின் கால்களுக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு, தெருத் தெருவாகப் பின்பக்கமாக நடந்தாள். "தண்ணியைப் பாருங்க, அவளைப் பாக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

சங்கம் மாடியில் கூடியது. நிறையப் பேச்சுக்குப் பிறகு தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. டவுசர் போட்டுக்கிட்டா சரியா இருக்கும். என்கிட்டயே வாக்கிங் போறது ஒண்ணு இருக்குது, புதுசு மாதிரிதான்."

எல்லோரும் இந்திராணியைப் பார்த்தார்கள். தெய்வானையும் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் அவள் எதையும் முடிவு செய்தாள்.

"எவன் டவுசரையும் எங்க வீட்டுப் பொண்ணு போட மாட்டா," என்றாள் இந்திராணி. தணிகாசலம் தலையைக் குனிந்தார். "நான் தைக்கிறேன்."

அவள் அப்படிச் சொன்னபோது முழு டவுசர் ஒன்றை அவள் வாழ்க்கையில் தைத்ததில்லை. வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் கம்பெனி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவள்தான், ஆனால் அங்கே அவள் தைத்தது இடது பக்கப் பாக்கெட் மட்டும். வலது பக்கத்தை வேறொருத்தி தைத்தாள், இடுப்புப் பட்டியை இன்னொருத்தி தைத்தாள். தன் பாக்கெட் போய்ச் சேர்கிற பேண்ட் எப்படி இருக்கும் என்று இந்திராணி முழுசாகப் பார்த்ததே இல்லை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவன் குளிருக்கு இடது கையை மட்டும் அவள் தைத்த பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்வாள்.

"துணி வேணும்," என்றாள் தம்பியிடம். "நனைஞ்சா உடம்பு தெரியாத துணி. உடம்போட ஒட்டாத துணி."

ஏகாம்பரம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். "ஆயுத பூஜைக்கு எடுத்த காக்கி இருக்குதுக்கா, இன்னும் தைக்கக் குடுக்கல," என்றான். பிறகு எதையோ யோசித்துவிட்டு, "மழையில ஆட்டோ ஏறுற எல்லாருக்கும் முழங்கால் தெரியத்தான் செய்யுது. எனக்கு ஒண்ணும் இல்ல," என்றும் சொன்னான். அதற்கு மேல் அவன் அந்த விஷயத்தைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை.

கரண்டு இல்லை. மிதி மெஷினை நாலு பேர் பரணிலிருந்து இறக்கி மாடி அறை ஜன்னலோரம் வைத்தார்கள். காக்கி சுருங்கும் என்று இந்திராணிக்குத் தெரிந்திருந்தது, அதனால் அதை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தாள். சாக்பீஸ் எல்லாம் கரைந்துபோயிருந்ததால் தேய்ந்த சோப்புச் சில்லால் கோடு போட்டாள். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து, வேறு எதையும் தொடாமல், தன் கைகளுக்குத் தெரிந்த இடது பக்கப் பாக்கெட்டைத் தைத்தாள். அப்படி ஒரு பாக்கெட்டைச் செல்லியம்மன் நகர் பார்த்ததில்லை. மூலைகள் சுருங்காமல், இரட்டைத் தையல் நூல் பிடித்த மாதிரி ஓடி, அது தனியாக மேசையில் கிடந்தபோதே யாருடைய கையையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாக்கெட்டிலிருந்து தொடங்கி அவள் டவுசரை வெளிப்பக்கமாக வளர்த்தாள். பாக்கெட்டுக்கு ஒரு தொடை வேண்டும், தொடைக்கு ஒரு பக்கத் தையல் வேண்டும், பக்கத் தையலுக்கு ஓர் இடுப்பு வேண்டும், ஓர் இடுப்புக்கு இன்னொரு கால் வேண்டும். தம்பியின் பழைய பேண்ட் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு துண்டும் எதோடு எது சேர்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். கீழே வாசல்படியில் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது. மேலே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை.

முதல் தடவை போட்டுக்கொண்டு தெய்வானை அறையை விட்டு வெளியே வரவில்லை.

"என்னடி?"

"நடுவுல பிடிக்குது அண்ணி."

"உக்காந்து பாரு."

உட்கார்ந்தாள். பின்பக்கம் கிழிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. தெய்வானை சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அண்ணியைப் பார்த்தாள். இந்திராணி சிரிக்கவில்லை. அவள் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே அளவாக வெட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிற்கிற மனுஷிக்குத் தைத்திருக்கிறோம். உட்காருகிற, குனிகிற, படியேறுகிற மனுஷிக்குத் தைக்கவில்லை.

"கிரைண்டர் முன்னால எப்படி உக்காருவே, அப்படி உக்காரு," என்றாள்.

தெய்வானை குந்தி உட்கார்ந்து, இல்லாத மாவை இல்லாத குண்டானில் வழித்துக் காட்டினாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், தம்பி மனைவி வேலை செய்வதை இந்திராணி பின்னாலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். முதுகு எவ்வளவு வளைகிறது, இடுப்பு எவ்வளவு தூரம் பின்னால் போகிறது, ஒவ்வொரு வழிப்புக்கும் தொடை எப்படி விரிகிறது என்று பார்த்தாள். இந்த முதுகுதான் விடியற்காலையில் எழுந்து ஊருக்கெல்லாம் மாவு வழித்தது, தனக்கும் சேர்த்துச் சோறு போட்டது என்று நினைத்தாள். பிளேடால் தையலைப் பிரித்து, பின்பக்கத்துக்கு உயரம் கூட்டி, கவட்டில் பட்டம் போல ஒரு துண்டை வைத்துத் தைத்தாள். இடுப்பில் பட்டி வைத்து நாடா கோத்தாள். இந்தத் தடவை தெய்வானை உட்கார்ந்தாள், எழுந்தாள், நாற்காலி மேல் ஏறினாள், குதித்தாள். தையல் எதுவும் பேசவில்லை.

"நல்லாருக்குது அண்ணி," என்றாள். பிறகு இடது கையைப் பாக்கெட்டில் விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். புடவையில் பாக்கெட் இருந்ததில்லை.

கால் மடிப்பைத் தண்ணீரில்தான் அளக்க வேண்டியிருந்தது. முழங்கால் எங்கே தொடங்குகிறது என்று மனிதர்கள் ஒன்று நினைக்க, தண்ணீர் வேறொன்று நினைத்தது. தெய்வானை தெருவில் இறங்கி நின்றாள். இந்திராணி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பக்கத்தில் நின்று துணியை மடித்தாள். முட்டியின் மேல் விளிம்பில் மடித்தால் தண்ணீர் இறங்கலாமா என்று தயங்கிக் குலுங்கியது. ஒரு விரல் ஏற்றினால் பாதி இறங்கியது. நடந்தால் துணி உரசித் திரும்ப ஏறியது. மாடிகளிலிருந்து யோசனைகள் வந்தன. இன்னும் கொஞ்சம் ஏத்துங்க என்றார்கள், வலது பக்கம் தாழுது என்றார்கள், தணிகாசலம் வீட்டிலிருந்து ஸ்கேலைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். செல்போன்களை யாரும் நீட்டவில்லை. எல்லோரும் ஒரு மடிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு விரல் மேலே மடித்தபோது தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கி, தெய்வானை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தும், கையை வீசி நடந்தும், ஓடியும், ஏறாமல் நின்றது. இந்திராணி ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அங்கதான்," என்றாள். அங்கேயே மடித்து இரட்டைத் தையல் போட்டாள்.

மறுநாள் காலை, காக்கி டவுசரும் ஏகாம்பரத்தின் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு தெய்வானை தெருவுக்கு வந்தபோது யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அன்றைக்குத்தான் ஏரியின் நடுப்பள்ளத்திலிருந்து சிவப்புத் துணி ஒன்று ஆடுவதை யாரோ பார்த்தார்கள். நகருக்கு அப்பால், புது அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் தகரக் கொட்டகைகள் போட்டு, ஒடிசாவிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். கொட்டகைகள் இப்போது கூரை மட்டும்தான். கூரை மேல் அவர்கள் இருந்தார்கள். படகு கேட்டு எல்லோரும் போன் செய்துகொண்டிருந்தார்கள். எல்லா ஊரும் படகு கேட்டுக்கொண்டிருந்தது.

"அது ரெண்டு ஆள் ஆழம்," என்றார் தணிகாசலம். "தெருத் தண்ணி வேற, ஏரித் தண்ணி வேற. அங்க கேக்காம போயிடுச்சுன்னா? அதோட, அது நம்ம நகர்ல சேராது."

தெய்வானை அவரைப் பார்த்தாள். "தண்ணி மட்டும் நம்ம நகர்ல சேருமா சார்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். பிறகு வழக்கம்போல அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

இந்திராணி ஏற்கெனவே புடவையை வரிந்து கட்டிக்கொண்டிருந்தாள். "தையல் எப்படி இருக்குதுன்னு பாத்துக்க ஒரு ஆள் வேணும்," என்றாள்.

இருவரும் இறங்கினார்கள். ஐந்தாம் தெரு முடிந்து, தார் முடிந்து, சரிவு தொடங்கிய இடத்தில் தண்ணீர் சுவர் மாதிரி எதிரே நின்றது. தெய்வானை ஒரு கால் வைத்தாள். அது யோசித்தது. கரையில் இருந்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது, பெரிய மிருகம் ஒன்று முகர்ந்து பார்ப்பது போல அவள் காலருகே சுழன்றது. பிறகு இறங்கியது. அவள் நடக்க நடக்க இறங்கியது. மண் லாரி ஒன்று வெளியே வந்தது, செங்கல் அடுக்கு வந்தது, கலவை மெஷின் வந்தது, கொட்டகைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக வந்தன. கூரையிலிருந்து ஒரு பெண் குனிந்து பார்த்தாள். பிரமிளா என்று பேர், சித்தாள் வேலை பார்க்கிறவள், தெய்வானையிடம் எப்போதாவது மாவு வாங்குகிறவள்.

"மாவு அக்கா, இறங்கலாமா?"

"இறங்கு. எல்லாரையும் இறக்கு. என்னை விட்டுத் தள்ளிப் போகாதீங்க."

இறங்கினார்கள். குழந்தைகளைத் தோளிலும், அடுப்பைத் தலையிலும், ஓர் ஆட்டைக் கழுத்திலும் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அவளைச் சுற்றி நடந்தார்கள். பாதி வழியில், சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முள்கம்பி தெய்வானையின் இடது கால் மடிப்பைப் பிடித்துக் கிழித்தது. மடிப்பு அவிழ்ந்து துணி விழுந்து முட்டியை மூடியது.

தண்ணீர் சாய்ந்தது. வலது பக்கம் முழங்கால் அளவே நின்றது, இடது பக்கம் மலைச்சரிவு போல உயர்ந்தது. இடப்பக்கம் நடந்தவர்கள் கழுத்து வரை போய், கத்தாமல், குழந்தைகளை வலப்பக்கத்தில் இருந்தவர்களிடம் கைமாற்றிவிட்டார்கள். தெய்வானை அசையவில்லை. அசைந்தால் துணி இன்னும் இறங்கும்.

"அண்ணி," என்றாள்.

இந்திராணி இடது பக்கம்தான் இருந்தாள். ஊசி கொண்டுவந்திருந்தாள். அது கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போய்விட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். தண்ணீருக்குள் கண் தெரியவில்லை, விரல்களுக்குத் தெரிந்தது. தான் போட்ட தையலைத் தடவி, அது விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்து, துணியை நாலு விரல் மேலே மடித்து இறுக்கிப் பிடித்தாள். தண்ணீர் இறங்கியது. இறங்கியபோது அவள் தம்பி மனைவியின் காலருகே குனிந்தபடி, தலைமுடியிலிருந்து சேறு ஒழுக, மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க அண்ணி, நான் கையால பிடிச்சுக்கிறேன்."

"உன் ரெண்டு கையிலயும் புள்ளைங்க இருக்குது. நீ நட."

உண்மைதான். யாரோ கைமாற்றிய இரண்டு குழந்தைகள் தெய்வானையின் இடுப்பில் இருந்தன. அவள் நடந்தாள். யார் முன்னாலும் குனியாதவள் என்று நகரில் பேர் வாங்கிய இந்திராணி, அந்தப் பள்ளத்திலிருந்து மேட்டுத் தார் வரைக்கும் முதுகை நிமிர்த்தாமல், தெய்வானையின் ஒவ்வொரு எட்டுக்கும் தானும் ஓர் எட்டு வைத்து, மடிப்பைப் பிடித்தபடியே குனிந்து நடந்தாள். கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். தணிகாசலம் முதல் ஆளாக இறங்கி வந்து ஆட்டை வாங்கிக்கொண்டார். கல்யாண மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்.

மண்டபத்து மாடியில் அன்று எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினார்கள். இந்திராணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தெய்வானை எண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டிருந்தபோது இந்திராணி குப்புறப் படுத்தபடியே சொன்னாள்.

"உனக்கு நல்ல முழங்கால்."

"உங்களுக்கு நல்ல கை அண்ணி."

மழை விட்டது. ஏரி கிளம்பிப் போனது. படகும் ஒரு நாள் வந்தது, சேற்றில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. தெய்வானை மாவு அரைக்க உட்கார்ந்தாள், டவுசரோடேயே உட்கார்ந்தாள். அது அந்த வேலைக்கு வசதியாக இருந்தது. முதலில் பிரமிளா வந்தாள். சாரம் ஏற ஒன்று வேண்டும் என்றாள். பிறகு பால் வீட்டுக்காரி வந்தாள், பிறகு டீச்சர் வந்தார், பிறகு தணிகாசலத்தின் மனைவி வந்து, மாடிப்படி கழுவ என்று காரணம் சொன்னாள். இந்திராணி யாரிடமும் காரணம் கேட்கவில்லை. எல்லோரையும் குந்தி உட்காரச் சொல்லி, பின்னாலிருந்து பார்த்து, அதற்கேற்ப வெட்டினாள். ஒவ்வொன்றிலும் இடது பக்கப் பாக்கெட்டை முதலில் தைத்தாள். கடைசியாக ஒன்று தனக்குத் தைத்துக்கொண்டாள்.

அடுத்த ஐப்பசியில் ஏரி வந்தபோது தெய்வானைக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல் மாடி அறையில் படுத்திருந்தாள். தெருவில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. இடுப்பளவு வந்திருக்கும் என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு, போர்வையை விலக்கிக் காலை ஊன்றப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது, நிறையப் பெண்கள் தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். தெரு நெடுக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், காக்கியிலும் நீலத்திலும் பூப்போட்டதிலும் டவுசர் போட்ட பெண்கள் கைகோத்து நின்றார்கள். தண்ணீர் அவர்களுடைய முழங்காலுக்குக் கீழே இருந்தது.

இந்திராணி படியேறி வந்தாள். கால்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யாரு முழங்கால் அண்ணி?" என்று கேட்டாள் தெய்வானை.

"தெரியலடி," என்றாள் இந்திராணி, அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே. "எல்லாரும்தான் நின்னோம்."